எதைப் பார்த்தால் கை எழுதும்? இலக்கியக் காணொளிகளில் ஐந்து வகை, ஓர் ஒப்பீடு

அவிநாசியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், போன முறை எடுத்துவைத்த புத்தகத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. சோமனூரிலிருந்து வரும் தறிக்காரத் தம்பி ஆரம்பித்து வைத்தார்.

"ஏனுங்கண்ணா, ராத்திரி ரெண்டு மணி நேரம் எழுத்தாளருங்க பேசறதையே பாத்துட்டுக் கெடக்கறேன். பாக்கறப்ப நாளைக்கே ஒரு கதை எழுதிப்போடலாம்னு இருக்குது. காலைல தறிய ஓட்ட ஆரம்பிச்சா அத்தனையும் போயிருதுங்க. எதைத்தான் பாக்கறதுங்க?"

கோபியில் கல்லூரி படிக்கும் பெண் சிரித்துவிட்டு, "எனக்கு அம்பது புத்தகத்தப் பத்திப் பேசத் தெரியுமுங்கண்ணா. படிச்சது ஆறு" என்றாள். உடுமலையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பையிலிருந்து மூன்று நீள நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். நாவல். எழுதி முடித்து ஒரு வருடம் ஆகிறதாம். புத்தகம் போடுவது எப்படி என்று காணொளி காணொளியாகப் பார்த்ததில், முன்பு தெரிந்திருந்ததும் குழம்பிப்போய்விட்டது என்றார்.

மூன்று பேருக்கும் மூன்று வெசனம். ஒரே பதிலைச் சொல்லி அனுப்ப முடியாது. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் பெரிய ஆளில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், சிறு பத்திரிகைகளில் நாலு கதை வந்திருக்கிறது, வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகும். அதற்கு மேல் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் எனக்கும் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

ஆடி மாதம் ஆர்டர் குறைவாக இருந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டைப் போட்டேன். இடது பக்கம் பார்த்த காணொளி, வலது பக்கம் பார்த்து முடித்ததும் செய்த காரியம். மாதக் கடைசியில் புரட்டினால் வலது பக்கத்தில் அதிகம் இருந்த சொல் "தூங்கினேன்". அடுத்தபடியாக "இன்னொன்று பார்த்தேன்". அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான் கீழே உள்ள நான்கு அளவைகளும்.

முதலாவது, கை. காணொளி முடிந்த அன்றைக்கே கை எதைத் தொட்டது? பேனாவையா, புத்தகத்தையா, அடுத்த காணொளியையா? மனசு பொங்கியதா என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மனசு எதற்கும் பொங்கும்.

இரண்டாவது, உண்மையில் ஆகும் நேரம். நாற்பது நிமிடக் காணொளி நாற்பது நிமிடத்தில் முடிவதில்லை. தேடுவதும், முடிந்தபின் பக்கத்தில் தெரிவதைத் தட்டுவதும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். டேட்டாவும் இதில் சேரும். 480 தெளிவில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை ஜிபிக்கு மேல் போய்விடும். தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவர் 1080-இல் ஓட்டினால் அன்றைய பங்கு அதோடு சரி. எழுத்தாளரின் முகத்தை அத்தனை தெளிவாகப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. 144-க்கு இறக்கிவிட்டுக் காதைக் கொடுங்கள்.

மூன்றாவது, காது. அதில் பேசும் மொழி நான் எழுத வேண்டிய மொழிக்குப் பக்கத்தில் இருக்கிறதா? இது சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான்காவது, ஆதாரம். பேசுகிறவர் புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தியாவது வாசிக்கிறாரா? "அற்புதம்", "உலுக்கிவிட்டது", "தவறவிடக் கூடாதது" என்று அடுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறாரா?

ரீல்ஸ், ஷார்ட்ஸ் பக்கம் நான் போகவில்லை. ஒரு நிமிடத்தில் ஒரு மேற்கோளும் ஒரு வயலினும் வந்து போகின்றன. அதை எடை போடத் தராசு தேவையில்லை.

## 1. புத்தக அறிமுகக் காணொளி

ஐந்து முதல் பதினைந்து நிமிடம். தாராபுரத்திலோ சத்தியமங்கலத்திலோ இருக்கிறவருக்கு இதன் அருமை தெரியும். நாவல், சிறுகதை என்று நின்று புரட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கடை வேண்டுமென்றால் கோவைக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். அவருக்கு இது கடைக் கண்ணாடி. என்னென்ன வந்திருக்கிறது, எவ்வளவு விலை, எத்தனை பக்கம் என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் எழுத நினைப்பவரை அதிகம் ஏமாற்றுவதும் இந்த வகைதான். அரிசிம்பருப்பு சோறு ஆக்கும் வீடியோவைப் பார்த்து யாருக்கும் வயிறு நிறைவதில்லை. புத்தக வீடியோவைப் பார்த்தால் மட்டும் எப்படியோ நிறைந்துவிடுகிறது. கதை தெரிந்துவிட்டது, முடிவு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது, நாலு பேர் கூடும் இடத்தில் சொல்ல ஒரு கருத்தும் கிடைத்துவிட்டது. இனி எதற்குப் படிப்பது? கோபிப் பெண்ணின் ஐம்பதுக்கும் ஆறுக்கும் நடுவில் இருப்பது இந்தத் திருப்திதான்.

மறைவாக ஆகும் செலவு, வாங்கிக் குவிப்பது. என் அலமாரியில் பிரிக்காத கண்ணாடித்தாளோடு ஒரு வரிசையே இருக்கிறது. இன்னொன்று, சில அறிமுகங்கள் காசு வாங்கிச் செய்பவை. அப்படியென்றால் பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இலேயே விதி வகுத்துவிட்டது. யூடியூபிலும் அதற்கென்று ஒரு குறிப்பு காணொளியின் தொடக்கத்தில் ஓரமாக வந்து மறையும். பதிப்பகம் இலவசமாக அனுப்பிய பிரதியைப் பற்றிப் பேசுவது தப்பில்லை, அதைச் சொல்லிவிட்டால் போதும். நான் வைத்திருக்கும் சோதனை எளியது. அந்தச் சானலில் ஒரு புத்தகத்தையாவது "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறார்களா என்று தேடுவேன். ஒன்றுகூட இல்லையென்றால் கீழே இறங்கிவிடுவேன்.

இது நல்ல தேர்வாக இருப்பது வருடத்தில் ஒரு பருவத்துக்கு. ஜூலையில் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு. அதற்கு முன் இரண்டு வாரம் பாருங்கள், சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## 2. மேடை உரைப் பதிவு

ஈரோடு புத்தகத் திருவிழாவை மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்துகிறது. பகலெல்லாம் புத்தகக் கடை, பொழுதோட மேடைப் பேச்சு. பெருந்துறை, பவானி, சென்னிமலை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். நானும் நின்றுகொண்டே கேட்டிருக்கிறேன். அந்த மாதிரி உரைகள் இப்போது முழுசாக யூடியூபில் கிடைக்கின்றன.

கை வேறு வேலையில் இருக்கும்போது கேட்க இதைவிடத் தோதானது இல்லை. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, பல்லடத்துக்கு வண்டியில் போய்வரும்போது. (தறி ஓடும்போது கேட்கலாமா என்று தம்பி கேட்டார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவதே காதில் விழாது.) நல்ல பேச்சாளர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் பத்துப் புத்தகத்தின் பெயரைக் காதில் போட்டுவிட்டுப் போவார். சங்கப்பாட்டு ஒன்றைப் பிரித்துச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் வராத ருசி அப்போது வரும்.

செலவு எங்கே என்றால், மேடைப் பேச்சு கைத்தட்டலை நோக்கி நடப்பது. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு சிரிப்பு, ஒரு கண்ணீர், ஒரு முத்தாய்ப்பு. கைத்தட்டல் வாங்கும் இடத்தில் பேச்சு நிற்கும். சிறுகதை அந்த இடத்தில் நிற்கக் கூடாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் தொடர்ந்து உரைகளாகக் கேட்டுவிட்டு ஒரு கதை எழுதி வட்டத்தில் வாசித்தேன். உடுமலை ஐயா முழுவதும் கேட்டுவிட்டு, "கதை நல்லாருக்குது தம்பி. தீர்ப்பு எப்பச் சொல்லுவீங்க?" என்றார். எழுதியதைத் திருப்பிப் பார்த்தால் பட்டிமன்றம்தான். ஒவ்வொரு பத்தியும் ஒரு முழக்கத்தில் முடிந்திருந்தது.

பதிவில் இல்லாதது ஒன்று உண்டு. திருவிழாவில் பேச்சு முடிந்து எழுந்தால் இருபது எட்டில் கடை. பேச்சில் கேட்ட புத்தகம் அடுத்த பத்து நிமிடத்தில் கையில். பதிவைக் கேட்டுவிட்டு எழுந்தால் எட்டுவது படுக்கைதான். முடிந்தவரை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள் என்பது என் கட்சி.

## 3. நேர்காணல், வாசகர் உரையாடல்

இதில் இரண்டு சாதி. விருது அறிவித்த வாரம் ஒலிவாங்கியை நீட்டி "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பது ஒன்று. புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்பது இன்னொன்று. முன்னதைத் தள்ளிவிடலாம். பின்னதற்குக் கோவையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2010 முதல் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது விழாவில், எழுத்தாளரோடு வாசகர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்டுப் பேசும் அமர்வுகள் உண்டு. ஸ்ருதி டிவி போன்ற சானல்கள் இப்படிப்பட்ட இலக்கியக் கூட்டங்களை வெட்டாமல் பதிவுசெய்து ஏற்றுகின்றன. ஒளி சுமாராக இருக்கும், நடுவில் யாராவது இருமுவார்கள். கேட்க வேண்டியது எல்லாம் இருக்கும்.

இவற்றில் எழுத்தாளர் தன் தோல்வியைப் பேசும் இடங்கள் எனக்கு வேலைக்கு ஆகின. எத்தனை முறை கிழித்துப் போட்டார், எந்த அத்தியாயத்தை எடுத்தெறிந்தார், எந்த இடத்தில் இரண்டு வருடம் நின்றுபோனார். அச்சான புத்தகத்தில் இதற்குத் தடம் இருக்காது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. என் அப்பத்தாவைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தேன். அதில் அவர் "நீ எங்கே செல்கிறாய்?" என்று கேட்பார். அப்பத்தா தன் ஆயுசில் "செல்கிறாய்" என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. கொங்குப் பேச்சு கதையில் ஏறும் என்பது எனக்குத் தெரியாததா? ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் 1942-இலேயே வந்துவிட்டது. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வந்தது, எங்கள் வட்டத்தில் ஒரு பிரதி சுற்றிக்கொண்டே இருக்கிறது. தெரிந்தும் துணிச்சல் வரவில்லை. ஒரு நாள் ராத்திரி ஒரு கொங்கு எழுத்தாளரின் உரையாடலைக் கேட்டேன். நூறு பேர் இருக்கும் கூட்டத்தில், சென்னையிலிருந்து வந்த ஒருவரின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "பொடக்காலில நின்னுட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பொடக்காலி என்றால் என்ன என்று விளக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டு, கதையை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். நோட்டின் வலது பக்கத்தில் அன்றைக்குத்தான் "எழுதினேன்" என்று இருக்கிறது.

இன்னொன்றையும் காது மட்டும்தான் சொல்லித்தரும். நம் ஊர் "செரீங்க" ஒரே சொல்தான். ஒப்புக்கொள்ளும் செரீங்க, பேச்சை முடித்து ஆளை அனுப்பும் செரீங்க, "பாத்துக்கறேன், இரு" என்று உள்ளே கறுவும் செரீங்க. எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். மரியாதை கொடுக்கும் "ங்க" எந்த இழுப்பில் அவமரியாதை ஆகிறது என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தால், உரையாடலுக்கு முன்னால் "கோபமாகச் சொன்னார்" என்று எழுத வேண்டிய அவசியம் போய்விடும்.

இனிச் செலவு. நேர்காணல் மெல்ல மெல்ல ஆளைப் பற்றியதாகிவிடும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த விருது யாருக்குப் போயிருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு ஒரு காலத்தில் அத்துப்படி. அவர்களில் பலருடைய புத்தகத்தை நான் திறந்ததில்லை. ஒரே எழுத்தாளரின் மூன்றாவது நேர்காணலுக்குப் போனால் முதல் இரண்டில் சொன்ன சம்பவங்களே வரும். ஆகவே ஒருவருக்கு இரண்டு போதும். அவர்களுடைய பழக்கத்தைக் காப்பியடிப்பது இன்னொரு பள்ளம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதுகிறேன் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நானும் எழுந்தேன். மூன்றாம் நாள் ஜிஎஸ்டி கணக்கில் ஒரு பூஜ்யத்தை விட்டேன். முதலாளி சொன்ன "செரீங்க" மேலே சொன்ன மூன்றாவது வகை.

## 4. எழுத்துப் பயிற்சி வகுப்புகள்

தமிழில் சிறுகதைப் பட்டறைகளின் பதிவுகள் அங்கங்கே கிடைக்கின்றன. வரிசையாக, ஒரு பாடத்திட்டம்போல முழுசாகக் கிடைப்பவை ஆங்கிலத்தில்தான் அதிகம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பிராண்டன் சாண்டர்சன் நடத்தும் புனைவெழுத்து வகுப்புகள், 2020-இல் பதிவானவை, இலவசமாக இருக்கின்றன. அவர் எழுதுவது மாயப் புனைவு. மந்திரம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்றெல்லாம் பாடம் எடுப்பார். அது நமக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கதை தொடக்கத்தில் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது, நடுவில் அதை நோக்கி நகர்வதைக் காட்டுகிறது, கடைசியில் நிறைவேற்றுகிறது என்று அவர் பிரிப்பது பருத்திக்காட்டுக் கதைக்கும் பொருந்தும். என் அப்பத்தா கதை மூன்றாம் பக்கத்தில் சண்டி பண்ணி நின்றதற்குக் காரணம், முதல் பக்கத்தில் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட் கரும்பலகையில் கோடு போட்டுக் கதைகளின் வடிவத்தை விளக்கும் பதிவு சில நிமிடம்தான். மேலே நல்ல காலம், கீழே கெட்ட காலம். இடது ஓரம் தொடக்கம், வலது ஓரம் முடிவு. ஒருவன் குழியில் விழுந்து எழுந்திருக்கும் கதை ஒரு வளைவு, இன்னொரு கதை இன்னொரு வளைவு. அதைப் பார்த்துவிட்டு வட்டத்தில் ஒரு அட்டையை எடுத்து கொங்கில் உடுக்கடித்துப் பாடும் நம் அண்ணன்மார் கதைக்குக் கோடு போட்டோம். பிள்ளையில்லாத வெசனத்தில் கோடு கீழே கிடக்கிறது. பொன்னரும் சங்கரும் பிறக்கிறார்கள், ஏறுகிறது. பங்காளிகளின் வஞ்சத்தில் இறங்குகிறது. நாடு ஆள்கிறார்கள், ஏறுகிறது. வேட்டுவரோடு போர், கீழே கீழே போய்ச் சாவில் முடிகிறது. உடுமலை ஐயா பேனாவை வாங்கிக்கொண்டார். "அதெப்படி முடியும்? படுகளத்துல விழுந்தவங்கள எழுப்பறாங்களே, அதை எங்க போடுவீங்க?" என்றார். வீரப்பூர் படுகளத்தில் அருள் வந்து பிணம்போல் விழுந்து கிடப்பவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கோடு அட்டையின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அன்றைக்கு இரண்டு பேர் வீட்டுக்குப் போய் எழுதினார்கள். சில நிமிடக் காணொளி ஒன்று, மேலே கிறுக்க ஒரு அட்டை.

மொழி ஒரு தடைதான். வேகத்தை 0.75-க்கு இறக்கி, சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு கேட்டால் பாதிக்கு மேல் பிடிபடும். எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் இலக்கிய முகவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்றெல்லாம் இரண்டு வகுப்பு ஓடும். தமிழில் அந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம்.

மறைவுச் செலவு இரண்டு. ஒன்று, குறிப்பெடுப்பது. நோட்டு நிறைய அழகாகக் குறிப்பு எடுத்து அடிக்கோடு போட்டால், எழுதிய மாதிரியே ஒரு களைப்பும் ஒரு நிம்மதியும் வரும். கதை ஒரு வரி நகர்ந்திருக்காது. இரண்டாவது, விதிக் காய்ச்சல். "சொல்லாதே, காட்டு" என்று எல்லா வகுப்பிலும் வரும். என் அப்பத்தா சொல்லித்தான் கதை சொன்னார். "அவ நல்லவ இல்ல கண்ணு" என்று ஆரம்பித்துவிட்டுத்தான் ஏன் என்று சொல்வார். ராவெல்லாம் உடுக்கடித்துப் பாடும் கதைகாரரும் சொல்லத்தான் செய்கிறார். விதியைக் கேட்டு அந்தக் குரலை வெட்டிவிட்டால் மிஞ்சுவது யாருடைய கதையாகவோ இருக்கும்.

கையில் ஒரு முதல் வரைவு இருந்து, அது எங்கோ மாட்டிக்கொண்டிருந்தால் இந்த வகையை விட்டால் வேறில்லை. வரைவே இல்லாதவருக்கு இது கலப்பை வாங்காமல் உழவு பார்க்கிற கதை. காசு கட்டும் வகுப்புகளைப் பற்றிக் கேட்டார்கள். இலவசமாக இருப்பதை முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

## 5. பதிப்பு, அச்சு பற்றியவை

இது ஊக்கம் தரும் வகையே இல்லை. தகவல். ஆனால் "30 நாளில் நீங்களும் எழுத்தாளர்" என்று தலைப்பு வைத்து ஊக்கம்போல விற்கிறார்கள். கணிசமானவை, பணம் வாங்கிப் புத்தகம் போட்டுத்தரும் நிறுவனங்களே எடுத்தவை.

நான் இதில் ஒரு முறை விழுந்தவன். ஒரு காணொளியின் அடியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். "சார், உங்க கதையை உலகம் படிக்கணும்" என்றார்கள். 38,000 ரூபாய். வந்த முந்நூறு பிரதியில் பாதிக்குமேல் இரண்டாவது முறை பிரித்தால் பக்கம் கையோடு வந்தது. ஒறம்பறைகளுக்குக் கொடுத்ததுபோக மீதி கட்டிலுக்கடியில் இருக்கிறது.

அப்போது தெரியாமல் போன சில விவரங்கள். ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகத் தரும் அடையாள எண், இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை இணையத்தில் விண்ணப்பம் வாங்கித் தருகிறது. அதற்கென்று தனியாகத் தொகை போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். அச்சுக்காரர்கள் பக்கத்தைப் பாரமாக எண்ணுவார்கள், ஒரு பாரம் பதினாறு பக்கம். 160 பக்கம் பத்துப் பாரம். உங்கள் புத்தகம் 163 பக்கத்தில் நின்றால் பதின்மூன்று பக்கம் வெற்றுத்தாளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே ஏற்றலாம், கட்டணம் இல்லை. ஆனால் இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்ற திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35. பதிப்பகம் தன் செலவில் போட்டால் எழுத்தாளருக்கு விலையில் பத்து சதவீதம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எத்தனை பிரதி, எப்போது கணக்குக் கொடுப்பார்கள், மின்னூல் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கைப்பிரதி முடிந்தவர் பார்க்கலாம், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே உட்காரலில். முடியாதவர் பார்த்தால் அட்டைப்படத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இரண்டாம் அத்தியாயத்தில் நிற்பார்.

## ஒரே பார்வையில்

| வகை | உண்மையில் ஆகும் நேரம் | கை தொடுவது | மறைவுச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அறிமுகம் | அரை மணி | வாங்கும் பட்டன் | படித்துவிட்ட நினைப்பு | திருவிழாவுக்குப் பட்டியல் போடுபவர் |
| மேடை உரை | ஒன்றரை மணி | ஒன்றுமில்லை, காது மட்டும் | நடையில் முழக்கம் ஒட்டிக்கொள்வது | கை வேலையில் இருப்பவர் |
| நேர்காணல் | ஒன்றரை மணி | பேனா, சில நாள் | ஆள் மோகம், வம்பு | தன் குரலில் எழுதத் தயங்குபவர் |
| பயிற்சி வகுப்பு | இரண்டு மணி | வரைவு, இருந்தால் | குறிப்பெடுப்பு, விதிக் காய்ச்சல் | பாதியில் மாட்டியவர் |
| பதிப்பு | ஒரு ஞாயிறு | கணக்கு நோட்டு | பணம் | எழுதி முடித்தவர் |

## மூன்று பேருக்கும்

கோபி அம்மிணிக்கு: அறிமுகத்தை நிறுத்து கண்ணு, மற்றதைத் தொடவே வேண்டாம். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தபின் அதைப் பற்றிய ஒரு காணொளியைப் பார். வரிசை மாறினால் போதும். நீ படித்ததும் அவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடத்தில் உனக்கு ஒரு கோபம் வரும் பார், அதை எழுது.

உடுமலை ஐயாவுக்கு: பதிப்புக் காணொளி இனி ஒன்றும் வேண்டாமுங்க. நோட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டு, வட்டத்தில் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்டில் ஈரோட்டுக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன். கடை கடையாக நடந்து, உங்கள் மாதிரி நாவலை யார் போடுகிறார்கள், கட்டு எப்படி இருக்கிறது என்று கையால் விரித்துப் பார்த்துவிடலாம். என் கட்டிலுக்கடியில் இருப்பதை யாராவது அன்றைக்கு இப்படி விரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சோமனூர்த் தம்பிக்கு நேர்காணல்தான். வாரத்துக்கு ஒன்று, அதிலும் இருபது நிமிடம். நல்ல இடம் வரும்போதே அணைத்துவிட வேண்டும், முடியும்வரை பார்த்தால் பொங்கியது அடங்கிவிடும். பத்து வரி எழுதாமல் அடுத்ததைத் தட்டக் கூடாது. இன்னொன்றும் சொன்னேன். அந்தப் போனிலேயே படம் பிடிக்கவும் வசதி இருக்கிறதே, உங்கள் அப்பாரு கைத்தறி காலத்திலிருந்து விசைத்தறிக்கு வந்தவர்தானே, அவரைப் பேசவிட்டு எடுங்களேன்.

போன வாரம் அனுப்பியிருந்தார். ஒன்பது நிமிடம். தறிக்கூடத்தில் வைத்தே எடுத்திருக்கிறார், முதல் நாலு நிமிடம் அப்பாரு பேசுவது பாதிக்குமேல் கேட்கவில்லை. பிறகு கரண்ட் போகிறது. எல்லாத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று கூடம் அப்படியே அமைதியாகிவிடுகிறது. அப்பாருக்கு அது உறைக்கவே இல்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவதுபோலவே, அந்த அமைதியில் கத்திக்கொண்டே இருக்கிறார்.

"இதை எப்படி எழுதறதுங்கண்ணா?" என்று அடியில் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை.